சல்மியாவின் உப்புத்தாள்

துணியை வெட்டி முடித்து நான் கத்தரியைக் கீழே வைப்பதற்குள், ஓரத்தில் விழுந்த துண்டு ஒன்று சல்மியாவின் கைக்குப் போயிருக்கும். அதை என் குடிதண்ணீர்க் குவளையில் முக்கி எடுப்பாள். வாசலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு கடையின் கண்ணாடிக் கதவில் ஒட்டிவிட்டு, அது காயும்வரை உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள். "ஈரத்துல ஒரு கலரு, காஞ்சா ஒரு கலரு. ரெண்டையும் பாக்காம சாயம் கலக்கக் கூடாது, சுலோ" என்பாள். கலக்கட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? அதற்கு என் குடிதண்ணீர்தானா கிடைத்தது என்று பல வருஷமாகக் கேட்கிறேன். "உன் தண்ணிதான் லா சுத்தமா இருக்கு" என்று ஒரே பதில்.

மலேசியாவிலேயே மழைக்குப் பேர்போன எங்கள் தைப்பிங்கில் ஒரு விரலளவுத் துணி காய்வதற்கும் பொறுமை வேண்டும். மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும். எங்கள் ஊரில் சாயம் அடிக்கிற வேலையைத் தலைமேல் போட்டுக்கொள்கிறவளுக்கு ஒன்று பைத்தியம் இருக்க வேண்டும், அல்லது அசாத்தியத் துணிச்சல் இருக்க வேண்டும். சல்மியாவுக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு.

நோன்புப் பெருநாளுக்கு இங்குள்ள முஸ்லிம் வீடுகளில் எல்லாரும் ஒரே நிறத்தில் உடுத்துவார்கள். தாத்தாவின் சட்டை, அம்மாவின் நீளப் பாவாடை, கைக்குழந்தையின் கால்சட்டை எல்லாம் ஒரே துணிக்கட்டிலிருந்து வர வேண்டும். அந்த வழக்கத்தில்தான் என் தையல் கடை ஓடுகிறது, எனக்கு அதில் குறையே இல்லை. சல்மியா அதோடு நிற்பதில்லை. உடுப்புக்கு என்ன நிறமோ அதுதான் வீட்டுக்கும். கூடத்து நாற்காலிகள், நீள இருக்கை, டிவி வைக்கும் அலமாரி, செருப்புத் தட்டு, நாற்காலிகளுக்குப் பின்னால் இருக்கும் சுவர் எல்லாம் வருஷத்துக்கொரு முறை நிறம் மாறும். பெருநாளுக்கு முந்தின வாரம் அவர்கள் வீட்டில் விருந்தாளி மட்டுமல்ல, வீட்டுக்காரரே தரையில் பாய் விரித்துத்தான் உட்கார வேண்டும்.

அவளுக்கு வேலையும் சாயத்தில்தான். கடைத்தெருவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் பெயிண்ட் கலந்து கொடுக்கிறாள். நிறத்தின் எண்ணைத் தட்டினால் மெஷினே அளந்து சொட்டிவிடும். சல்மியா மூடியைத் திறந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, தன் கணக்கில் இரண்டு சொட்டு சேர்ப்பாள். தவுக்கே என்று அவள் கூப்பிடும் முதலாளி லியோங் திட்டுவார். "மெஷினு வெயில்ல நின்னு பாத்துச்சா தவுக்கே? நான் பாத்தேன்" என்பாள். புதிதாகக் கல்யாணமான ஒருவன் வீடு முழுக்க வெள்ளை வேண்டும் என்று வந்து நின்றபோது நானும் கடையில் இருந்தேன். "வீடா கட்டுற, கிளினிக்கா?" என்று கேட்டாள். வெள்ளை வாங்க வந்தவன் பப்பாளிப்பழ நிறத்தில் ஒரு டின்னையும், பெண்டாட்டிக்குக் காட்ட ஒரு அட்டையில் தடவிய சாம்பிளையும் தூக்கிக்கொண்டு போனான்.

அவள் கைப்பையில் கைக்குட்டை இருக்கிறதோ இல்லையோ, நாலாக மடித்த உப்புத்தாள் ஒன்று எப்போதும் இருக்கும். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பக்கத்து பெஞ்சில் சிலாம்பு தூக்கிக்கொண்டிருந்தால் தேய்த்துவிடுவாள். பழைய சாமானைப் பார்த்தால் அவள் கண் அதில் இருக்கும் கறையைப் பார்ப்பதில்லை, அடுத்து அடிக்கப்போகிற நிறத்தைத்தான் பார்க்கிறது. என் கடை முக்காலி இருபது வருஷமாகப் பழுப்பு நிறத்தில் நிம்மதியாக இருந்தது. நான் கோவிலுக்குப் போய் வந்த ஒரு வெள்ளிக்கிழமை, அது ஆரஞ்சு நிறத்தில் வாசலில் காய்ந்துகொண்டிருந்தது. "கடைக்குள்ள வந்தா மருந்துக்கடை மாதிரி இருந்துச்சு. இப்பப் பாரு" என்றாள். அன்று முழுவதும் நான் அவளோடு பேசவில்லை. அதற்குப்பிறகு கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் மெத்தை போட்ட நாற்காலியை விட்டுவிட்டு அந்த முக்காலியில்தான் உட்காருகிறார்கள். அதை இதுவரை அவளிடம் நான் சொன்னதில்லை.

வேலை பெரிய வித்தையொன்றுமில்லை, யாரும் செய்யலாம் என்று அவளே சொல்வாள். சவர்க்காரத் தண்ணீரில் துடைக்க வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சாயம் பிடிக்காது. காய்ந்ததும் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மெல்லிய பூச்சு ஒன்று கொடுக்க வேண்டும். அது நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டாவது. "அவசரப்பட்டுத் தடிமனா அடிச்சா, உக்காந்தவ எந்திரிக்கும்போது சாயமும் பாவாடையோட ஒட்டிக்கிட்டு வரும்" என்பாள். அடியிலிருக்கும் பழைய சாயத்தை அவள் ஒருபோதும் உரித்து எடுப்பதில்லை. "அத ஏன் தொந்தரவு பண்ணணும்? அடியில இருக்கிறது அது பாட்டுக்கு இருக்கட்டும்." இதனால் அவர்கள் வீட்டு நாற்காலிகள் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் பருத்துக்கொண்டே வருகின்றன. அவள் கணவர் மொக்தார் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். சாயம் அடிக்கிற தூரிகையை இன்றுவரை கையால் தொட்டதில்லை. "இப்படியே போனா மரம் தீந்துபோய் சாயத்துமேலதான் உக்காரணும்" என்று கிண்டல் செய்வார். கிண்டல் செய்துவிட்டு, வாசல் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, அதன் அகலமான கையில் காப்பிக் குவளையை வைத்துக்கொள்வார். அது அவருடைய இடம்.

அடித்த சாயத்தில் யாராவது ஒரு கீறல் போட்டுவிட்டால் தீர்ந்தது. பெருநாள் காலையில் சல்மியா வாசலிலேயே நின்று வருகிறவர்களைச் சோதனை போடுவாள். சாவிக்கொத்தைத் தட்டில் வைக்க வேண்டும், பெல்ட் கொக்கியைச் சட்டைக்குள் விட வேண்டும். மகள் நஸிராவின் மாமியாரையே வளையலைக் கழற்றி வைக்கச் சொன்னவள் அவள். சம்பந்தியம்மாள் முகம் சுளித்துக்கொண்டே கழற்றினார், பிறகு சாப்பாட்டில் சமாதானமாகிவிட்டார். தேங்காய்ப்பால் வற்ற வற்ற சல்மியா சமைக்கும் ரெண்டாங் இறைச்சிக் கறியைத் தின்றவர்கள் அவளோடு நெடுநாள் சண்டை போட முடியாது.

கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பச்சை வருஷத்துப் படம். அந்த முறை நிறம் மிகச் சரியாகக் கலந்துவிட்டது. பச்சைச் சுவருக்கு முன்னால், பச்சை இருக்கையில், பச்சை உடுப்போடு குடும்பம் உட்கார்ந்தது. படத்தில் சில முகங்களும் சில கைகளும் மட்டும் அந்தரத்தில் தொங்குகின்றன. மொக்தார் அண்ணனின் மீசை தனியாகத் தெரிகிறது. பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டார்கள். வேறொருத்தியாக இருந்தால் அதை மறைத்து வைத்திருப்பாள். சல்மியா பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினாள். "இந்த அளவுக்குக் கலர் ஒத்துப்போன வீடு தைப்பிங்ல வேற எங்க இருக்கு, காட்டு" என்று கேட்கிறாள். காட்ட முடியாதுதான்.

அந்த வருஷத்து நிறத்தைச் சொல்வதற்கு அந்த வீட்டில் ஒரு முறை இருக்கிறது. அப்பா, அம்மா, மகள், மகன் என்று ஆண்டுக்கொருவர். யார் முறையோ அவர்தான் மற்றவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டு, "இந்த வருஷம் இன்ன கலரு" என்று வாயால் சொல்ல வேண்டும். அதுதான் பெருநாளுக்கு வரச்சொல்லும் அழைப்பு, தனியாக வேறு கிடையாது.

மஞ்சள் வருஷத்தில் முறை மொக்தார் அண்ணனுடையது. மகன் சுஹைமிக்கு அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை. அப்பா நாலு பேரைப் பார்த்துப் பேசி வாங்கிக் கொடுத்தது. நோன்பு தொடங்குவதற்குச் சற்று முன்னால் அவன் அதை விட்டுவிட்டு, தெற்கே ஜொகூரில் ஒரு வேனில் காப்பி போட்டு விற்க ஆரம்பித்திருந்தான். அண்ணன் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. பெருநாளன்று கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது திறந்தார். "எல்லாருக்கும் காப்பி ஊத்துப்பா. அதானே இப்ப உன் உத்தியோகம்" என்றார். சிலர் சிரித்துவிட்டார்கள். சுஹைமி எழுந்து எல்லாருக்கும் ஊற்றினான். கடைசியாக அப்பாவுக்கு ஊற்றி, அந்த நாற்காலியின் கைமேல் குவளையை வைத்தான். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனவன்தான், திரும்பவில்லை.

அடுத்த வருஷம் சல்மியாவின் முறை. ரோஜா நிறம் என்று அவளே மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அதற்கடுத்தது நஸிராவின் முறை, கத்தரிப்பூ நிறம். அவளும் சொன்னாள். இரண்டு வருஷமும் சுஹைமிக்கு நான் சட்டை தைத்தேன். "தோள்ல கொஞ்சம் தாராளமா விடு சுலோ, பையன் வேன்ல எறங்கி ஏறி வேல செய்றான்" என்று அம்மாக்காரி சொல்லச் சொல்ல வெட்டினேன். இரண்டும் மடிப்புக் கலையாமல் அவள் அலமாரியில் இருக்கின்றன. பெற்றவள் என்று ஒருத்தி அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கத்தானே வேண்டும்.

இந்த வருஷம் சுஹைமியின் முறை. மொக்தார் அண்ணன், "வராதவனுக்கு என்ன முறை? நான் சொல்றேன், நீலம்" என்று முடித்துவிட்டார். சல்மியா நீலத்துணியோடு என் கடைக்கு வந்தாள். விரித்து அளக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, ஒரு ஆளுக்குத் துணி குறைகிறது.

"சுஹைமிக்கு?"

"வாங்கல."

"ஏன் சல்மி?"

"அவன் முறைய எடுத்துக்கிட்டது யாரு? அவருதானே. அப்ப அவரே போன் போட்டுச் சொல்லட்டும். ரெண்டு வருசம் நானும் நஸிராவும் சொன்னோம், வந்தானா? அவன் எங்க குரலுக்குக் காத்திருக்கல, சுலோ."

"அவரு சொல்லலன்னா?"

"சொல்லுவாரு லா" என்றாள். மழை நாளில் பூச்சு காய்ந்துவிடும் என்று சொல்வாளே, அதே தோரணை. துண்டுத் துணியை என் குவளையில் முக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மொக்தார் அண்ணனை எனக்கும் தெரியும். வாயிலிருந்து விழுந்த சொல்லை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளத் தெரியாத மனிதர். நான் கொஞ்சம் நெருக்கி வெட்டி, அங்கே இங்கே மிச்சம் பிடித்து, கழுத்துப்பட்டிக்கு மட்டும் உள்ளே வேறு துணி கொடுத்து, ஒரு சட்டையைத் தேற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் பிடுங்கிக்கொள்வாள்.

நோன்பின் கடைசி வாரம் அவள் லீவு போட்டாள். உடுப்புகளைச் சரிபார்க்க ஒரு மத்தியானம் போனேன். முன்வாசல் கூரையின் கீழ் நாற்காலிகள் வரிசையாக நின்றன. மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காற்றாடியை அவற்றின் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே பாயில் உட்கார்ந்திருந்தார். கையில் போன் இருந்தது.

"கலரு எப்படிங்க வந்திருக்கு?" என்று வாசலிலிருந்தே கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு."

"யாருக்காச்சும் சொல்லணும்னா சொல்லிடுங்க. இதுக்கு மேல மாத்த முடியாது."

"எல்லாருக்கும் தெரியும்தானே."

"எல்லாருக்கும் தெரியாது."

அவர் போனைப் பார்த்தார். திரையைத் தேய்த்தார். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மழை எப்போது விடும் என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும் என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கோபம்.

பெருநாளுக்கு முதல் நாள் தைத்தவற்றை எடுக்க வந்தாள். "சொன்னாரா?" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். இவ்வளவு வருஷத்தில் அன்றுதான் அவள் குரல் கொஞ்சம் இறங்கிக் கேட்டேன். "நான்தான் ரொம்ப இழுத்துப் பிடிச்சிட்டேனோ? நானே சொல்லியிருக்கலாமோ?" என்றாள். நான் முடிந்து வைத்த துணி மூட்டையை அவிழ்த்து, உடுப்புகளை மறுபடி எண்ணினேன். அதற்குள் நஸிராவின் பாவாடையை வெளிச்சத்தில் பிடித்து, "இந்த ஓரம் கோணுது" என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். கோணவில்லை. அப்போது அவளுக்கு எதையாவது குறை சொல்ல வேண்டியிருந்தது, சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை, தொழுகை முடிந்து அவர்கள் வந்திருப்பார்கள் என்று கணக்குப் பண்ணி, முறுக்கு டப்பாவோடு போனேன். பையின் அடியில் நீலச் சட்டை இருந்தது. வீடே நீலம். நல்ல நீலம், கண்ணை உறுத்தாத நீலம், அவளுக்கே பெருமையாக இருந்திருக்கும் வேறொரு நாளாக இருந்தால். அண்ணன் தன் நாற்காலியில் இருந்தார். நஸிரா நீள இருக்கையில் இருந்தாள். படம் எடுக்க மாப்பிள்ளை போனை அலமாரிமேல் சாய்த்துக்கொண்டிருந்தார். சல்மியா ஏதோ ஒரு சாக்குச் சொல்லி மூன்று முறை சமையலறைக்குப் போய் வந்தாள். கெதுபாட் சோறு வெந்துவிட்டதா பார்க்கிறேன் என்றாள். கெதுபாட் ஏற்கெனவே ஓலையைப் பிரித்து மேசைமேல் வெட்டி வைத்திருந்தது.

வெளியே வேன் நிற்கும் சத்தம் கேட்டது.

சுஹைமி வேலிக்கதவைத் திறந்துகொண்டு வந்து வாசற்படிக்குக் கீழே நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். மஞ்சள் சட்டை. நான் தைத்த அதே சட்டை, தையலைப் பார்த்ததும் தெரிந்தது. அவன் உள்ளே பார்த்தான். எல்லாரும் நீலத்தில் இருந்தார்கள், நாற்காலியும் சுவரும் நீலத்தில் இருந்தன. படம் எடுப்பதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிற குடும்பத்தை, பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிற மாதிரி பார்த்தான்.

"இந்த வருசம் என் முறைம்மா" என்றான். "யாரும் கேக்கல. நானா மஞ்சள்னு வச்சுக்கிட்டேன்." பிறகு செருப்பைக் கழற்றாமலேயே, "சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றான்.

அண்ணனின் தாடை மட்டும் அசைந்தது. நான் அவசர அவசரமாகப் பையைத் துழாவி நீலச் சட்டையை எடுத்து நீட்டினேன். "இந்தாப்பா, இத மாத்திக்கோ, உள்ள வா. உன் அளவுதான்" என்றேன்.

சல்மியா அதைப் பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் சட்டையை என் கையோடு சேர்த்துக் கீழே இறக்கினாள்.

"உள்ள வையி, சுலோ. அவன் முறைதானே, அவன் எதுக்கு மாத்தணும்?"

கணவர் பக்கம் திரும்பினாள். "எந்திரிங்க."

அவர் எழுந்தார். அவள் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் கைப்பையைத் திறந்து, நாலாக மடித்த உப்புத்தாளை எடுத்தாள். அந்த நாற்காலியின் முன்னால் முழங்காலிட்டு, இரண்டு பூச்சு அடித்து, மழையோடு மல்லுக்கட்டிக் காய வைத்த நீலத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். லேசாக அல்ல, உடம்பின் பலத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். சம்பந்தியம்மாளை வளையல் கழற்றச் சொன்னவள். நீலத்தூள் அவள் புதுப்பாவாடையில் கொட்டியது. நீலம் போய்க் கத்தரிப்பூ நிறம் தெரிந்தது. நஸிரா "அம்மா" என்றாள். அவள் நிறுத்தவில்லை. கத்தரிப்பூ போய் ரோஜா தெரிந்தது. நாற்காலி தரையில் ஆடி ஆடி நகர்ந்தது.

"ஆடாம பிடிங்க" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல்.

மொக்தார் அண்ணன் குனிந்து நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மகனைப் பார்க்க அவரால் முடியவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தார். பிடியை மட்டும் விடவில்லை.

காப்பிக் குவளை வைக்கிற அந்த அகலமான இடத்தில், கையகலத்துக்கு மஞ்சள் வந்தது. அதைச் சுற்றி ரோஜா, கத்தரிப்பூ, நீலம் என்று வளையம் வளையமாக நின்றன. சல்மியா தூளை ஊதினாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்து ஓரம் தைத்த புது முக்காட்டின் நுனியை இழுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். வாசலில் சுஹைமி குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே, அந்த மஞ்சளை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள்.